ஒரு இன்டர்னும் அம்பாந்தோட்டைத் துறைமுகமும்

வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று 2022இல் அறிவித்த இலங்கையின் கடன் சீரமைப்புக்குத் துணை நிற்பதாக, 2023 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்துக்கு முதலில் எழுதிக் கொடுத்தது இந்தியா. சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியோ, இரண்டு ஆண்டுகளுக்குத் தவணை கேட்க மாட்டோம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. நிதியத்தின் உதவி கிடைக்க அது போதுமா போதாதா என்பதுதான் அந்த வாரங்களில் தில்லியில் வெளியுறவு பேசுகிறவர்கள் கூடிய இடத்தில் எல்லாம் பேச்சு. நான் அப்போது அங்கே சர்வதேச அரசியலில் முதுகலை கடைசி ஆண்டு. படித்துக்கொண்டே ஒரு வெளியுறவுக் கொள்கைத் திங்க் டேங்கில், அதாவது கொள்கை ஆய்வு நிறுவனத்தில், இன்டர்னாக இருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

எங்கள் பிரிவின் சீனியர் ஃபெலோ ஓய்வுபெற்ற தூதர். தில்லி வழக்கப்படி ஓய்வுக்குப் பிறகும் வெளியாட்களுக்கு அவர் ‘அம்பாசடர்’, எங்களுக்கு ‘சார்’. ஒருநாள் கூப்பிட்டார். “அம்பாந்தோட்டை பற்றி ஒரு பக்கம் வேண்டும். எந்தத் தேதி, எவ்வளவு தொகை, யார் யாருக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கருத்து வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது” என்றார். அம்பாந்தோட்டை, இலங்கையின் தென்கரையில் சீனக் கடனில் கட்டப்பட்ட துறைமுகம்.

அந்த ஒரு பக்கம் எப்படி உருவானது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு. திங்க் டேங்க் இன்டர்ன்ஷிப் பற்றி மாணவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் உள்ளே நுழைவது எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போனபின் செய்கிற வேலையில் எது சரக்கு, எது வெறும் ஓட்டம் என்பதைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. என் பார்வையில் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: எல்லோரும் சொல்கிற ஒரு கூற்றை, அது பிறந்த ஆவணம் வரைக்கும் பின்னால் நடந்து போய்ப் பார்ப்பது. அம்பாந்தோட்டை அதற்குக் கிடைத்த அருமையான உதாரணம். கடனைக் கட்ட முடியாத இலங்கையிடமிருந்து சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது என்ற கூற்று உலகம் சுற்றிய பாதையில் மாணவர்கள் எழுதிய ஒரு அறிக்கையும் இருக்கிறது.

எப்படிப்பட்ட இடம் இது

தில்லியில் இருக்கிற வெளியுறவு ஆய்வு நிறுவனங்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. சாப்ரு ஹவுஸில் இருக்கும் இந்திய உலக விவகாரக் குழு 1943இல் தொடங்கியது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதற்குப் பின்னால் இருப்பது வெளியுறவு அமைச்சகம். 1965இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ., இப்போது மனோகர் பரிக்கர் பெயரைத் தாங்கியது, பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. ஓ.ஆர்.எஃப். (அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்) 1990இல் ரிலையன்ஸ் ஆதரவோடு பிறந்தது. 2016 முதல் வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து ரைசினா டயலாக் என்ற வருடாந்திர மாநாட்டை நடத்துகிறது. அதே 2016இல் வந்த கார்னகி இந்தியாவின் தாய் வீடு வாஷிங்டனில் இருக்கிறது. ஆண்ட்ரூ கார்னகி 1910இல் ஒரு கோடி டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்த அமைப்பு அது. 1973இல் தொடங்கிய சி.பி.ஆர். (சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச்) சாணக்யபுரியில் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான அதன் எஃப்.சி.ஆர்.ஏ. உரிமம் 2023இல் முடக்கப்பட்டது, 2024 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது.

விண்ணப்பிக்கிற மாணவர் இதையெல்லாம் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? பணம் வருகிற திசை, எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பதில் பாதியைத் தீர்மானிக்கிறது. 2014இல் நியூயார்க் டைம்ஸ் அமெரிக்கத் திங்க் டேங்குகளுக்கு வெளிநாட்டு அரசுகள் கொடுக்கிற பணத்தைப் பற்றி விரிவாக எழுதியது. வாஷிங்டன் திங்க் டேங்கான புரூக்கிங்ஸுக்கு நான்கு ஆண்டுகளில் 1.48 கோடி டாலர் தரக் கத்தார் ஒப்புக்கொண்ட விவரம் அதில்தான் வெளியே பரவலாகப் பேசப்பட்டது. பணம் வாங்கினால் எழுதுவதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சேருமுன் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அந்தப் பக்கமே இல்லையென்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

விண்ணப்ப நடைமுறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தற்குறிப்பு, ஒரு கடிதம், எழுதிய கட்டுரை ஒன்று, துறையிலிருந்து தடையில்லாச் சான்று. கடைசியாகச் சொன்னதுதான் தாமதமாகும். துறைத் தலைவர் ஊரில் இருக்க வேண்டும், அலுவலகத்தில் முத்திரை இருக்க வேண்டும். எழுத்து மாதிரிக்கு அறுபது பக்க ஆய்வேட்டை அனுப்புகிறவர்கள் உண்டு. யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே கேள்வியை எடுத்து, இரண்டு பக்கத்துக்குள் பதில் சொல்கிற கட்டுரை இருந்தால் அதை அனுப்புங்கள்.

சேர்ந்தபின் வேலை என்பது பெரும்பாலும் ஓட்டம்தான். காலையில் பத்திரிகைச் செய்திச் சுருக்கம். கருத்தரங்கு இருந்தால் மேசையில் பெயர்ப் பலகை, வாசலில் பதிவேடு. பேச்சை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குவது. அடிக்குறிப்புகளை நிறுவனத்தின் பாணிக்கு மாற்றுவது. மூடிய வட்டமேசைக் கூட்டங்களுக்குக் குறிப்பெடுப்பவராக உட்காருவது. இதில் கடைசி வேலைக்கு மட்டும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். லண்டனின் வெளியுறவுத் திங்க் டேங்கான சாதம் ஹவுஸ் 1927இல் வகுத்த விதிதான் தில்லியிலும் நடப்பு: பேசியதைப் பயன்படுத்தலாம், பேசியது யார் என்று சொல்லக் கூடாது. ‘முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் சொன்னார்’ என்று எழுதினால் அறையில் அப்படி ஒருவர்தான் இருந்திருப்பார். ஆகவே அதுவும் கூடாது.

அம்பாந்தோட்டை வேலை இவற்றுக்கு நடுவே வந்தது.

கூற்றும் அதன் பாதையும்

எல்லோரும் அறிந்த கதை இதுதான்: சீனா கடன் கொடுத்தது, இலங்கையால் கட்ட முடியவில்லை, சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது, 99 வருடக் குத்தகை. ஆங்கிலப் பத்திரிகை, தமிழ்ப் பத்திரிகை, தொலைக்காட்சி விவாதம் எங்கும் இதே வரிகள்தான். என் வகுப்பில் பாதிப் பேர் இதைத் தேர்வில் எழுதியிருப்போம்.

நான் எக்செலில் ஒரு அட்டவணை போட்டேன். முதல் பத்தியில் கூற்று. அடுத்ததில் அதைச் சொன்னவர். மூன்றாவதில் அவர் காட்டும் ஆதாரம். நான்காவதில் அந்த ஆதாரம் காட்டும் ஆதாரம். கடைசிப் பத்தியில் மூல ஆவணம் என்ன சொல்கிறது என்பது. பெரிய முறையியல் ஒன்றும் இல்லை, பொறுமை இருந்தால் போதும்.

மேலிருந்து தொடங்கினால், 2018 அக்டோபர் 4 அன்று அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ், ஹட்சன் இன்ஸ்டிடியூட் என்ற திங்க் டேங்கில் பேசியபோது, இலங்கை கடனைக் கட்ட முடியாமல் போனதும் பெய்ஜிங் அழுத்தம் கொடுத்துத் துறைமுகத்தை வாங்கிக்கொண்டது என்றார். அதற்கு முன் அதே ஆண்டு ஜூனில் நியூயார்க் டைம்ஸில் நீண்ட செய்திக் கட்டுரை. அதற்கும் முன், மே மாதத்தில், ஹார்வர்டு கென்னடி பள்ளியின் முதுகலை மாணவர்கள் இருவர் எழுதிய அறிக்கை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்காகச் சுயேச்சையாகத் தயாரித்தது அது; படிப்பின் பகுதியாக அந்தப் பள்ளி மாணவர்கள் செய்கிற கொள்கை ஆய்வு வகை. சீனக் கடனின் இலக்குகளாக 16 நாடுகளை அது பட்டியல் போட்டது. கார்டியன் போன்ற பெரிய பத்திரிகைகள் அதை எடுத்து எழுதின. இன்னும் பின்னால் போனால் 2017 ஜனவரி: தில்லி சி.பி.ஆரில் இருந்த பிரம்ம செலானியின் கட்டுரை. ‘கடன் பொறி ராஜதந்திரம்’ என்ற பேச்சு பரவத் தொடங்கியது அதிலிருந்துதான்.

அதாவது தில்லித் திங்க் டேங்க்காரர் ஒருவர் எழுதியது, பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஹார்வர்டு மாணவர்கள் விரித்தது, லண்டனிலும் நியூயார்க்கிலும் செய்தியானது, வாஷிங்டன் திங்க் டேங்க் மேடையில் அரசின் நிலைப்பாடாக வந்து நின்றது. இரண்டு வருடம் கூட ஆகவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சீன-ஆப்பிரிக்க ஆய்வுத் திட்டத்தை நடத்திய டெபரா பிராட்டிகம் 2020இல் இந்தப் பாதையை ஒரு ஆய்விதழில் எழுதினார். மாணவர் அறிக்கை ஒன்று எப்படிக் கல்விப்புல ஆதாரம் போலக் கையாளப்பட்டது என்பதையும் அதில் சுட்டிக்காட்டினார்.

அந்த மாணவர்களைக் குறை சொல்வது எளிது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. கிடைத்த நேரத்தில், கிடைத்த பொதுவெளி ஆதாரங்களை வைத்து எழுதியிருக்கிறார்கள்; எல்லா மாணவரும் செய்வது அதுதான். என் கேள்வி அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றியது. அறிக்கையை மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் அதன் அடிக்குறிப்பைத் திறந்து பார்த்தார்கள்?

மூல ஆவணங்கள் சொல்வது

துறைமுக யோசனை சீனாவுடையது அல்ல. கனடா அரசின் உதவியில் எஸ்.என்.சி. லாவலின் நிறுவனம் 2003இல் ஒரு சாத்தியக்கூறு அறிக்கை கொடுத்தது. 2004 சுனாமி அந்தக் கரையைத் துடைத்துப் போட்டது. அப்புறம் 2006இல் டென்மார்க்கின் ராம்பொல் நிறுவனம் இன்னொரு அறிக்கை கொடுத்தது. முதலில் கொள்கலன் அல்லாத சரக்கை வைத்து வருமானம் பாருங்கள், பிறகு பெரிதாக்குங்கள் என்பது அதன் சாரம். மகிந்த ராஜபக்ச அரசுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. 2007இல் சீன எக்ஸிம் வங்கியிடம் 30.7 கோடி டாலர், 6.3 சதவீத நிலையான வட்டி. 2010 நவம்பரில் திறப்பு விழா. 2012இல் இன்னொரு 75.7 கோடி டாலர், இந்த முறை வட்டி 2 சதவீதம். அந்த 2012இல் அம்பாந்தோட்டைக்கு வந்த கப்பல்கள் 34. மூவாயிரத்துக்கு மேல் கப்பல் பார்த்த கொழும்புக்குப் பக்கத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் திட்டத்தின் நிலை புரிந்துவிடும். மோசமான முதலீடு என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசுக்குத் தலைவலி துறைமுகக் கடன் மட்டும் அல்ல. 2007இலிருந்து இலங்கை வெளிநாட்டுச் சந்தையில் டாலர் பத்திரங்கள் விற்றுக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. அவை முதிரும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் மட்டும் 100 கோடி டாலர் பத்திரம் ஒன்றைத் திருப்பிக் கட்ட வேண்டும். கையில் டாலர் இல்லை. துறைமுகத்தைத் தனியாருக்கு விட்டுக் கையிருப்பை ஏற்றலாம் என்ற முடிவு அந்த நெருக்கடியில் வந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆவணம் வருகிறது. குத்தகை எடுத்த சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் ஹோல்டிங்ஸ், ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். இந்த அளவு ஒப்பந்தம் போட்டால் அதன் விவரத்தைச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலையில் சொல்லியும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், காசு இல்லை. புவிசார் அரசியல் என்ற வாசனையே இல்லாத, வறண்ட சட்ட மொழி. அதனால்தான் அதில் எல்லாம் இருக்கிறது.

பத்திரிகைகள் 112 கோடி டாலர் இலங்கைக்குக் கிடைத்தது என்று எழுதும். அறிவிப்பில் அது இரண்டாகப் பிரிகிறது. சுமார் 97.4 கோடி டாலர், துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்குகளுக்கான விலை. இதுதான் இலங்கைப் பக்கம் போனது, 2017 டிசம்பரிலிருந்து 2018 ஜூன் வரை மூன்று தவணையாக. மீதி 14.6 கோடி சொச்சம், துறைமுக விரிவாக்கத்துக்கென்று இலங்கையில் உள்ள ஒரு வங்கிக் கணக்கில் சைனா மெர்ச்சன்ட்ஸின் பெயரிலேயே போட்டு வைத்தது. வந்த டாலர் நாட்டின் கையிருப்பில் சேர்ந்தது. எக்ஸிம் வங்கிக் கடனைத் தீர்க்க அது போகவில்லை. கடன் கடனாகவே நின்றது, தவணையும் தொடர்ந்தது. கடனுக்குப் பதிலாகச் சொத்து என்ற கதையின் முதுகெலும்பு இங்கே முறிகிறது. 2017இல் இலங்கை எந்தத் தவணையையும் நிறுத்தவும் இல்லை. வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது 2022 ஏப்ரல் 12 அன்று.

பின்னே எங்கிருந்து வந்தது இந்தக் குழப்பம்? கொழும்பிலிருந்தேதான். 2016இல் ரணில் விக்கிரமசிங்க அரசே சீனக் கடனைப் பங்காக மாற்றுவது பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு செய்தியானது. ஒப்பந்தம் வேறு வடிவில் முடிந்தபோது அதைப் படித்தவர்கள் குறைவு. இதைத் தேடும்போது எனக்கு ஒரு வசதி இருந்தது. இலங்கை நாடாளுமன்ற ஹன்சார்டில் ஒவ்வொரு உரையும் பேசிய மொழியிலேயே அச்சாகும். தமிழ் உறுப்பினர்கள் தமிழில் பேசியதை நான் நேரடியாகப் படித்தேன். பக்கத்து மேசை நண்பர் ஆங்கிலப் பகுதியோடு நின்றுவிட்டார். சிங்கள உரைகளுக்கு இருவருக்கும் வழி இல்லை. அந்த இடைவெளி அட்டவணையில் காலிக் கட்டமாகவே இருந்தது, அப்படியே விட்டோம்.

திருத்தத்துக்கும் ஒரு திருத்தம்

சரி, கதை பொய் என்று தெரிந்துவிட்டது, முடித்துவிடலாம் என்று தோன்றும். தில்லியில் இன்னொரு கூட்டம் அப்படித்தான் முடித்துக்கொண்டது. ‘இலங்கையின் வெளிக்கடனில் சீனாவின் பங்கு வெறும் 10 சதவீதம், இதில் பொறி எங்கே?’ என்பது அவர்களின் வாசகம். 2020இல் சாதம் ஹவுஸ் அறிக்கை, 2021இல் தி அட்லாண்டிக் கட்டுரை எல்லாம் வந்தபின் கடன் பொறி என்று சொல்வதே அறிவிலித்தனம் என்கிற அளவுக்கு இந்தப் பக்கம் தைரியம் வந்துவிட்டது.

அந்த 10 சதவீதத்தையும் அட்டவணையில் போட்டு, அதே மாதிரி பின்னால் நடந்தேன். அரசின் புள்ளிவிவரத்தில் அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். மத்திய அரசு நேரடியாக வாங்கிய கடன் மட்டும் ஒரு கணக்கு. அரசு நிறுவனங்கள் வாங்கியது தனி. சீனா வளர்ச்சி வங்கி கொடுத்த வணிகக் கடன் வேறொரு வரியில் ஒளிந்திருக்கும். உமேஷ் மொரமுதலி, திலின பாண்டுவாவல என்ற இரண்டு இலங்கை ஆய்வாளர்கள் இதையெல்லாம் ஒன்று சேர்த்துக் கணக்குப் போட்டு 2022 நவம்பரில் வெளியிட்டார்கள். 2021 முடிவில் பொது வெளிக்கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் என்று வந்தது. வெளியிட்டது அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் திட்டம்தான். தன் பக்க வாதத்துக்கு வசதியான எண்ணைத் தன் வெளியீட்டிலேயே திருத்திக்கொண்டது என்பதால் எனக்கு அந்தத் திட்டத்தின்மேல் மரியாதை கூடியது. அந்தக் கணக்கிலும் டாலர் பத்திரக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதான் இதைவிடப் பெரிது.

சாரிடம் போனேன். “பத்தா, இருபதா?” என்றார். இரண்டும், எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து என்றேன். “அப்படியானால் இரண்டையும் போடு. எதை எண்ணியது என்பதையும் பக்கத்திலேயே போடு. கீழே அடிக்குறிப்பில் தள்ளாதே, அங்கே யாரும் போக மாட்டார்கள்.” முப்பது வருடம் தூதரகத்திலிருந்து தலைமையகத்துக்குத் தந்தி எழுதியவரின் அறிவு அது. நான் படித்த எந்த ஆய்வு முறையியல் பாடத்திலும் இது இல்லை.

இந்தியத் தரப்புக்கு முக்கியமான இன்னொரு வரியும் இருந்தது: கடற்படை. சீன நீர்மூழ்கிக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது என்று ஒரு தில்லிக் கட்டுரை சொன்னது. 2014இல் அது வந்து நின்றது கொழும்பில், சீன நிறுவனம் இயக்கும் முனையத்தில். அம்பாந்தோட்டை 99 வருடக் குத்தகைக்குப் போனது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான். மறுபுறம், 2022 ஆகஸ்ட் 16 அன்று யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் வந்தது அம்பாந்தோட்டைக்குத்தான், அதுவும் இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தபின். கடன் கதை தவறு என்பதால் பாதுகாப்புக் கவலையும் தவறு என்று ஆகிவிடாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றோடொன்றைப் பின்னிப் போட்டதால்தான் இந்த விஷயத்தில் நல்ல விவாதமே நடக்காமல் போனது என்பது என் எண்ணம். சீனாவைச் சந்தேகிக்கிறவர் கடன் பொறியை நம்பியாக வேண்டும், கடன் பொறியை மறுப்பவர் கப்பலையும் சாதாரணம் என்றாக வேண்டும் என்று ஒரு கட்டாயம் உருவாகிவிட்டது.

பக்கம் போன இடம்

ஒரு பக்கம் தயாரானது. உரிச்சொல் எதுவும் இல்லை, ‘பொறி’ என்ற வார்த்தை மேற்கோளுக்குள் மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சார் ஒரு வட்டமேசைக்குப் போனார். நான் சுவரோரம் குறிப்பெடுக்கும் நாற்காலியில். யார் என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியாது, விதி அப்படி. பேச்சின் போக்கைச் சொல்லலாம். துறைமுகத்தைச் சீனா பறித்த கதையோடுதான் தொடங்கியது. 97.4 கோடி எங்கே போனது, எக்ஸிம் கடன் இன்னும் நிற்கிறதா என்ற இரண்டு கேள்வி விழுந்ததும் அறையில் கொஞ்சம் அமைதி. பிறகு பேச்சு தனியார் பத்திரக்காரர்கள் பக்கம் திரும்பியது. இந்தியா கொடுத்த கடனுக்கும் சீனா கொடுத்த கடனுக்கும் ஒரே அளவு தள்ளுபடி இருக்குமா என்ற உண்மையான பேரம் மேசைக்கு வந்தது. கூட்டம் முடியும்போது ஒருவர் மறுபடியும் ‘என்ன இருந்தாலும் அது பொறிதான்’ என்று முடித்தார். எண்களால் எல்லோரையும் மாற்ற முடியாது. ஆனால் நடுவில் கொஞ்ச நேரம் சரியான கேள்வி பேசப்பட்டது, என்னைக் கேட்டால் ஒரு பக்கக் குறிப்பிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

குறிப்பில் என் பெயர் இல்லை. உள் சுற்றுக்கானது என்பதால் யார் பெயரும் இல்லை. ஆனால் வெளியாகிற கட்டுரைகளிலும் பல இடங்களில் இதே நிலைமைதான்: அட்டவணை இன்டர்ன் போட்டது, அடிக்குறிப்பு இன்டர்ன் சரிபார்த்தது, நன்றி வரியில் கூட இடம் இருக்காது. சேருமுன் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். ‘ஆய்வு உதவி செய்தால் பெயர் வருமா?’ என்பது நாகரிகமான கேள்விதான். பழைய வெளியீடுகளின் நன்றிப் பகுதியைப் புரட்டினாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பணம் விஷயம் இதைவிடக் கசப்பானது. சிறு உதவித்தொகை தரும் நிறுவனங்கள் உண்டு, சான்றிதழோடு அனுப்பிவைக்கிறவையும் உண்டு. முனிர்காவிலோ பேர் சராயிலோ பகிர்ந்து எடுத்த அறைக்கு வாடகை கட்டிக்கொண்டு, மெட்ரோவுக்கும் கொடுத்து, மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க யாரால் முடியும்? தில்லியில் வீடு இருப்பவரால், அல்லது வீட்டிலிருந்து பணம் வருகிறவரால். விடுதி அறை இருந்ததால் நான் தப்பித்தேன். அமெரிக்க வெள்ளை மாளிகையே தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022இல்தான் என்று யாராவது ஆறுதல் சொன்னால், அது ஆறுதல் இல்லை. இது வெறும் நியாயப் பிரச்சினையும் அல்ல. அம்பாந்தோட்டைக் கதையை அடியிலிருந்து சரிபார்க்கத் தமிழோ சிங்களமோ படிக்கத் தெரிந்தவர் வேண்டும். நேபாளத்துக்கும் மியான்மருக்கும் அப்படியே. அந்த மொழிகள் தெரிந்த மாணவர்கள் பெரும்பாலும் தில்லியில் வீடு உள்ளவர்கள் அல்லர். மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறவர்கள். வாடகைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள். நிறுவனங்கள் இதில் இழப்பது தங்கள் சொந்தத் தரத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த எக்செல் கோப்பை வெளியேறும்போது பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டு வந்தேன், எந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்தோடு. இதையும் கேட்டுச் செய்வது நல்லது. சில இடங்களில் இன்டர்ன் போனதும் மின்னஞ்சல் மூடும், அதோடு மூன்று மாத வேலையும் மூடிவிடும்.

இப்போது அதைத் திறக்கிற இன்டர்னுக்குச் சேர்க்க வேண்டிய வரிகள் நிறைய. 2023 அக்டோபரில் சீன எக்ஸிம் வங்கியோடு சுமார் 420 கோடி டாலர் கடனுக்கு முதல்கட்ட உடன்பாடு. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடை. 2024 ஜூனில் இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் முன்னின்ற, கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடு 580 கோடி டாலருக்கு ஒப்பந்தம், டிசம்பரில் பத்திரக்காரர்களோடு பரிமாற்றம். அப்புறம் 2025 ஜனவரி: இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க பெய்ஜிங் போனபோது கையெழுத்தான, அம்பாந்தோட்டையில் சீன எண்ணெய் நிறுவனமான சினோபெக் கட்டவிருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 370 கோடி டாலர். செய்திகள் அதை முதலீடு என்கின்றன. எந்தப் பத்தியில் போடுவது என்று முடிவு செய்யுமுன் ஒப்பந்தத்தில் அரசு உத்தரவாதம் எதுவும் இருக்கிறதா, வரிச்சலுகை எவ்வளவு, நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். சினோபெக்கின் பங்கும் ஹாங்காங்கில் விற்கிறது, ஆகவே முதலில் அந்தச் சந்தையின் அறிவிப்புப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.